கடல் ஏன் பச்சையாகிறது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் மன்னார் வளைகுடாவின் பவளப் பார்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கும் மேற்பட்டவை, கடல்நீர் நிறம் மாறுவதையும் அதையடுத்து மீன்கள் செத்து ஒதுங்குவதையும் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கி, ஒன்றையொன்று ஒத்த கேள்விகளைச் சேர்த்து விடை எழுதியிருக்கிறேன்.

ஐயா, புரட்டாசி பிறக்கும் சமயத்தில் காற்று அடங்கிவிட்டால் எங்கள் ஊர்க் கரையில் தண்ணீர் பாசிபிடித்த குளம் போலப் பச்சையாகிவிடுகிறது. மறுநாளே ஓரா, விலாங்கு எல்லாம் செத்து ஒதுங்குகின்றன. பெரியவர்கள் இதைப் பூங்கோரை என்கிறார்கள். இளைஞர்களோ ஏதோ ஆலைக் கழிவைத் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்கிறார்கள். எது சரி? – மண்டபத்திலிருந்து ஒரு வாசகர்

பெரியவர்கள் சொல்வது சரி. ஆனால் இளைஞர்களின் சந்தேகத்தையும் முழுவதுமாகத் தள்ளிவிட முடியாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அடுத்த முறை தண்ணீர் பச்சையாகும்போது ஒரு கண்ணாடிக் குவளையில் அதை மொண்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். முதலில் வெறும் பச்சைத் தண்ணீராகத்தான் தெரியும். குவளையை அசைக்காமல் சிறிது நேரம் வைத்திருந்தால், கசகசாவைவிடச் சிறிய உருண்டைகள் ஒவ்வொன்றாக மேலே ஏறி, விளிம்பை ஒட்டி ஒரு பச்சை ஏடாகப் படிவதைக் காணலாம். அந்த ஒவ்வோர் உருண்டையும் ஒரு தனி உயிர், அதுவும் ஒரே ஒரு செல்லால் ஆன உயிர். நாக்டிலுகா சின்டிலன்ஸ் என்பது அதன் அறிவியல் பெயர். 0.2 மில்லிமீட்டர் முதல் 2 மில்லிமீட்டர் வரை வளரக்கூடியது என்பதால் நுண்ணோக்கி இல்லாமலேயே கண்ணுக்குத் தெரிகிறது.

நாம் இதைப் பாசி என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் இது இரை பிடித்துத் தின்னும் உயிர். டயாட்டம் என்னும் நுண்பாசிகளையும், கோபிபாடு என்னும், இறாலுக்குத் தூரத்து உறவான சிற்றுயிர்களின் முட்டைகளையும், சில நேரங்களில் மீன் முட்டைகளையும்கூட விழுங்கிவிடும். அதற்குச் சொந்தமாகப் பச்சையம் கிடையாது. நம் கடல்களில் காணப்படும் வகையின் உடலுக்குள் ஆயிரக்கணக்கான மிக நுண்ணிய பச்சைப் பாசிகள் குடியிருக்கின்றன. வெயிலில் அவை சமைக்கும் உணவில் ஒரு பங்கு, குடியிருப்புக்கு வாடகை போல, வீட்டுக்காரருக்குப் போய்ச் சேருகிறது. இரை குறைந்த நாளிலும் இது பட்டினி கிடப்பதில்லை என்பதற்கு இந்த ஏற்பாடே காரணம்.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் கலங்கி, அடியில் கிடக்கும் நைட்ரஜனும் பாஸ்பரசும் மேலே வருகின்றன. அந்த உரத்தில் டயாட்டங்கள் செழிக்க, அவற்றைத் தின்று நாக்டிலுகா பெருகுகிறது. காற்று அடித்துக்கொண்டிருக்கும்வரை அது நீர் முழுவதும் கலந்து கிடப்பதால் நமக்குத் தெரிவதில்லை. காற்று விழுந்து கடல் எண்ணெய் ஊற்றியதுபோல அமர்ந்ததும், மிதக்கும் தன்மையுள்ள அத்தனை உருண்டைகளும் ஒரே நேரத்தில் மேலே வந்துவிடுகின்றன. நீரோட்டம் அவற்றை ஆழமில்லாத கரையோரத்துக்குத் தள்ளிச் சேர்க்கிறது. ஒரே இரவில் முளைத்ததாகத் தோன்றுவது, பல நாட்களாக வளர்ந்த கூட்டம் ஓர் இடத்தில் குவிந்ததுதான்.

இப்போது கழிவுக்கு வருகிறேன். ஊர்ச் சாக்கடையும் வயலில் மிஞ்சிய உரமும் இறால் பண்ணை நீரும் கடலில் சேர்ப்பது இதே நைட்ரஜனையும் பாஸ்பரசையும்தான். பூங்கோரையை எந்த ஆலையும் உண்டாக்குவதில்லை, ஆனால் அதற்குப் பந்தி பரிமாறுவதில் கரையில் வாழும் எல்லாருக்கும் பங்கு இருக்கிறது. மீன் செத்த அன்று யாரையாவது ஒருவரைக் கைகாட்டிவிட்டு மறுநாள் மறந்துபோவதைவிட, ஆண்டு முழுவதும் என்னென்ன கடலுக்குள் போகின்றன என்று கணக்கெடுப்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

அப்படியானால் மீன்கள் எப்படிச் சாகின்றன? நஞ்சு இல்லையா? – அதே கடிதத்தின் இரண்டாவது கேள்வி

நாக்டிலுகா தானாக நஞ்சு சுரப்பதாக அறியப்படவில்லை. மீன்கள் பெரும்பாலும் மூச்சுத் திணறித்தான் சாகின்றன.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. நம்முடையதைப் போன்ற வெதுவெதுப்பான கடலில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 6 மில்லிகிராம்தான் கரைந்திருக்கும். இவ்வளவு சிறிய இருப்பை நம்பித்தான் மீனும் நண்டும் பவளமும் வாழ்கின்றன. கூட்டமாக மிதக்கும் பூங்கோரை, பகலில் தன்னுள் இருக்கும் பாசிகளால் ஓரளவு ஆக்சிஜனை வெளியிட்டாலும், இரவு முழுவதும் அதை எடுத்துக்கொள்ளவே செய்கிறது. பிறகு அந்தக் கூட்டம் மடிந்து அழுகும்போது, அதைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் மிச்சமிருப்பதையும் தீர்த்துவிடுகின்றன. விடியற்காலையில்தான் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும்; காலையில் கரைக்குப் போகிறவர்களே முதலில் செத்த மீனைப் பார்க்கிறார்கள் என்பது தற்செயல் இல்லை.

இன்னொன்றும் உண்டு. இந்த உருண்டைகள் மிதப்பதற்காகத் தம் உடலுக்குள் அம்மோனியத்தைச் சேர்த்து வைத்திருக்கின்றன. அவை வெடித்து மடியும்போது அம்மோனியா நீரில் கலந்து மீன்களின் செவுள்களைப் புண்ணாக்குகிறது. கரையில் மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றத்தில் இதற்கும் பங்கு உண்டு. திறந்த கடலில் திரியும் மீன் விலகிப் போய்விடும். பவளப் பாரைவிட்டு நகராத ஓராவுக்கும் பொந்துக்குள் கிடக்கும் விலாங்குக்கும் அந்த வழி இல்லை.

2019இல் பூங்கோரையால் பவளங்களும் இறந்ததாகச் சொல்கிறார்கள். மீன் சாவது புரிகிறது, கல்லைப் போன்ற பவளம் எப்படிச் சாகும்? – தூத்துக்குடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி

கல்லாகத் தெரிவது பவளம் கட்டிய வீடு. அதன் மேற்பரப்பில் மெல்லிய தோலாகப் படர்ந்திருக்கும் குட்டி உயிர்களே பவளம். அவையும் மீனைப் போலவே நீரில் கரைந்த ஆக்சிஜனைத்தான் சுவாசிக்கின்றன. விலகிப் போகவும் அவற்றால் முடியாது.

2019 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மண்டபம், பாம்பன் பகுதியில் கடல் பச்சையானபோது, உங்கள் ஊரிலேயே உள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தார் சிங்கில் தீவைச் சுற்றி நீரில் மூழ்கிப் பார்த்தார்கள். அங்கே ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியிருந்தது. அக்ரோபோரா, மான்டிபோரா, போசிலோபோரா ஆகிய, வேகமாக வளரும் பவள இனங்கள் பெருமளவில் இறந்திருந்ததை அவர்கள் பதிவு செய்தார்கள். 2008 அக்டோபரிலும் இதே பகுதியில் பூங்கோரை பரவி, பார் மீன்கள் ஏராளமாகச் செத்து ஒதுங்கின.

இதில் என்னை மிகவும் வருத்துவது அவை இறந்த காலம்தான். மன்னார் வளைகுடாவின் பவளங்கள் 2010இலும் 2016இலும் கடல் சூடேறி வெளுத்தவை. 2016இல் வெளுத்தவற்றில் கணிசமான பகுதி மீளவே இல்லை. அதைத் தாண்டிப் பிழைத்து மறுபடி கிளைவிடத் தொடங்கியவற்றின் மீதுதான் மூன்றே ஆண்டுகளில் இந்த மூச்சுத் திணறல் வந்து விழுந்தது. வெப்பத்தில் வெளுத்த பவளம் சில வாரங்கள் தாக்குப்பிடிக்கும். நீர் குளிர்ந்தால் மீளவும் கூடும். ஆக்சிஜன் தீர்ந்துபோனால் அந்த அவகாசம் கிடைப்பதில்லை. இறந்த கிளைகளின் மேல் சில நாட்களிலேயே வேறு பாசிகள் படர்ந்துவிடுவதால், புதிய பவளக் குஞ்சுகள் வந்து ஒட்டவும் இடம் இல்லாமல் போகிறது.

நாங்கள் தீவுக் கரைகளில் மரிக்கொழுந்து பாசி எடுத்துப் பிழைப்பவர்கள். கயிற்றில் கட்டி வளர்க்கும் பாசியால்தான் கடல் பச்சையாகிறது என்று சிலர் சொல்கிறார்கள். உண்மையா? – இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி

இல்லை, அம்மா. நீங்கள் எடுக்கும் மரிக்கொழுந்தும் கட்டக்கோரையும் கண்ணுக்குத் தெரியும் பெரிய பாசிகள். கயிற்றில் கட்டி வளர்க்கப்படும் கப்பாபைகஸும் அப்படியே. பூங்கோரை அவற்றிலிருந்து பிறப்பதில்லை. பெரும்பாசிகள் வளரும்போது நீரிலுள்ள நைட்ரஜனை உறிஞ்சிக்கொள்கின்றன என்பதால், இந்த ஒரு விஷயத்தில் அவை பூங்கோரைக்குப் போட்டியாளர்கள் என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் கப்பாபைகஸின் மேல் வேறொரு குற்றச்சாட்டு இருக்கிறது, அது நியாயமானது. அது நம் கடலுக்கு உரிய பாசி இல்லை. வளர்ப்பிடங்களிலிருந்து தப்பிய துண்டுகள் குருசடைத் தீவின் பவளங்கள் மேல் படர்ந்து அவற்றை மூடியிருந்தது 2008இல் வெளியான ஆய்வொன்றில் பதிவாகியுள்ளது. வெயில் படாமல் மூடப்பட்ட பவளம் மெல்ல இறந்துவிடும். இரண்டு சிக்கல்களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் இரண்டுக்குமே தீர்வு கிடைக்காது. பச்சைத் தண்ணீர் வந்த நாட்களில் மூழ்கிப் பாசி எடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள். கண்ணும் தோலும் எரிச்சல் காணக்கூடும்.

சென்னைக் கடற்கரையில் அலைகள் இரவில் நீலமாக ஒளிர்ந்ததைக் குழந்தைகளுடன் போய்ப் பார்த்தோம். அதுவும் இதுவும் ஒன்றா? அந்த நீரில் கால் நனைத்தால் ஆபத்தா? – சென்னை வாசகர்

2019 ஆகஸ்டு 18 அன்று இரவு கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கரைகளில் தெரிந்த ஒளியும், 2024 அக்டோபரில் மறுபடி தெரிந்ததும் நாக்டிலுகாவால் உண்டானவை என்றே சொல்லப்பட்டது. அலை புரளும்போது அதன் உடல் நசுங்குகிறது. அந்த அதிர்ச்சியில் லூசிபெரின் என்னும் பொருள் வினைபுரிந்து நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் நீல ஒளியை வீசுகிறது. கோடிக்கணக்கானவை ஒரே அலையில் நசுங்குவதால் அலை முழுவதும் ஒளிர்வதாக நமக்குத் தோன்றுகிறது. தன்னைத் தின்ன வரும் சிற்றுயிரை மிரளச் செய்வதற்காக இந்த ஒளி ஏற்பட்டது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். கால் நனைப்பதால் பெரிய கெடுதல் இல்லை. தோலில் அரிப்புக் கண்டால் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

குழந்தைகள் அதைப் பார்த்து மகிழ்ந்ததில் குறை சொல்ல எதுவும் இல்லை, நானும் பார்த்து மெய்மறந்து நின்றவன்தான். மறுநாள் காலையில் அதே கரைக்கு அவர்களை அழைத்துப்போய் நீரின் நிறத்தையும் நாற்றத்தையும் ஒதுங்கிக் கிடப்பதையும் காட்டியிருந்தால் பாடம் முழுமையாகியிருக்கும்.

கடல் நிறம் மாறியிருக்கும் நாட்களில் மீன் வாங்கிச் சாப்பிடலாமா? – நாகர்கோவில் வாசகி

வலையில் உயிரோடு பிடிபட்ட மீனைத் தாராளமாகச் சாப்பிடலாம். செத்து ஒதுங்கிய மீனை, அது எவ்வளவு புதிதாகத் தோன்றினாலும், எடுக்க வேண்டாம். எப்போது செத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

உண்மையான அபாயம் மட்டியிலும் சிப்பியிலும் கல்லுமேக்காயிலும் இருக்கிறது. இவை நீரை வடிகட்டித் தின்பவை. நாக்டிலுகா அல்லாத வேறு சில நுண்பாசிகள் நரம்பை முடக்கும் சாக்சிடாக்சின் என்னும் நஞ்சைச் சுரக்கின்றன. அந்த நஞ்சு மட்டியைக் கொல்லாமல் அதன் சதையில் சேர்ந்துகொண்டே போகும். தமிழ்நாட்டில் 1981இல் இத்தகைய மட்டியை உண்ட 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் 3 பேர் இறந்தார்கள். உங்களுக்கு அருகிலுள்ள விழிஞ்ஞத்திலும் 1997இல் கல்லுமேக்காய் உண்டவர்கள் இறந்தார்கள். எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் இந்த நஞ்சு அழிவதில்லை, புளியும் மஞ்சளும் அதை முறிப்பதில்லை. உதடும் நாக்கும் மரத்துப்போவதே முதல் அறிகுறி. அப்படி உணர்ந்தால் கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். நீர் சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறிய வாரங்களில் மட்டி, சிப்பி வகைகளை வாங்காதீர்கள்.

செங்கடலுக்கு அந்தப் பெயர் வந்தது பாசியால்தானா? – திருச்சி வாசகர்

அப்படி ஒரு விளக்கம் உண்டு, உறுதியான முடிவு கிடையாது. ட்ரைக்கோடெஸ்மியம் என்னும் நீலப்பச்சைப் பாசி மடியும்போது செம்பழுப்பாக, மரத்தூளைக் கொட்டியதுபோல மிதக்கும். 2007 மார்ச்சில் கல்பாக்கம் கடலிலும் அது பரவியிருந்தது.

பாசிப்பெருக்கம் ஆதிகாலம் தொட்டு இருப்பதுதானே? இதையும் பருவநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதுவது சரியா? – மதுரையிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர்

உங்கள் எச்சரிக்கை நியாயமானது, ஐயா. சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், மலபார்க் கடலில் நுண்ணுயிர்ப் பெருக்கத்தால் மீன்கள் பெருமளவில் மடிந்ததை 1917இலேயே எழுதிவைத்திருக்கிறார். அதுமட்டுமன்று, பெருக்கம் என்றாலே கேடு என்பதும் தவறு. பிராஜிலேரியா ஓசியானிகா என்னும் டயாட்டம் பெருகும்போது மத்தி மீன் கூட்டம் கூட்டமாக வருகிறது என்பதை 1955இல் ஆர்.வி. நாயரும் ஆர். சுப்ரமணியனும் காட்டினார்கள். அந்தப் பெருக்கம் இல்லாத ஆண்டில் மேற்குக் கரையின் அடுப்புகளில் மத்தி வேகாது.

ஆகவே பெருக்கம் நிகழ்கிறதா என்பதைவிட, எது பெருகுகிறது என்பதையே நாம் கவனிக்க வேண்டும். டயாட்டம் தன் உடலைச் சுற்றி சிலிக்காவால் ஓடு கட்டிக்கொள்ளும் உயிர். அந்தச் சிலிக்கா பாறையிலிருந்து கரைந்து ஆற்றின் வழியே கடலுக்கு வருகிறது. சாக்கடையிலும் உரத்திலும் நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகுதி, சிலிக்கா மிகக் குறைவு. போதாததற்கு, ஆற்றில் வரும் சிலிக்காவில் ஒரு பகுதி அணைகளின் அடியில் தங்கிவிடுகிறது. இப்படி உரம் கூடி ஓட்டுக்கு வேண்டியது குறைந்தால், டயாட்டத்தின் இடத்தை ஓடு தேவைப்படாத உயிர்கள் பிடித்துக்கொள்ளும். டயாட்டத்தைத் தின்று வளர்ந்த கோபிபாடும், கோபிபாடைத் தின்ற மீன் குஞ்சும் அங்கே வாழ வழியில்லாமல் போகும். நாக்டிலுகாவை விரும்பித் தின்பவை சால்ப் போன்ற கூழுடல் உயிர்களும் சொறிமீன் வகைகளும்தான். அவற்றைக் கரையில் விற்க முடியாது.

வட அரபிக் கடலில் இந்த இடமாற்றம் கண்முன்னே நடந்திருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே டயாட்டங்கள் பெருகுவதே வழக்கமாக இருந்தது. 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு பச்சை நாக்டிலுகா அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆழத்திலுள்ள ஆக்சிஜன் குறைந்த நீர் மேலே பரவுவதே காரணம் என்று ஹெல்கா கோமஸ், ஜோக்கிம் கோயஸ் ஆகியோரின் குழு 2014இல் எழுதியது. ஹைதராபாதிலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தின் ஆய்வாளர்கள், தாங்கள் அளந்த பெருக்கங்களில் அத்தகைய ஆக்சிஜன் குறைவு இல்லை என்று 2018இல் மறுத்தார்கள். இமயமலையில் பனிப்போர்வை சுருங்குவதால் அங்கிருந்து வரும் குளிர்காற்று வலுவிழந்து, கடலின் மேல்நீரும் அடிநீரும் குளிர்காலத்தில் முன்போலக் கலப்பதில்லை என்ற விளக்கத்தை கோயஸின் குழு 2020இல் முன்வைத்தது. வாதம் முடியவில்லை. எனினும், மேல்நீர் சூடாகும்போது ஆக்சிஜன் கரைவது குறைகிறது, கலப்பதும் குறைகிறது. இவை இரண்டும் பூங்கோரைக்குத் தோதானவை, பவளத்துக்குப் பகையானவை. பருவநிலையை மட்டும் குற்றவாளியாக்குவதை நான் ஏற்கவில்லை, அதை வழக்கிலிருந்தே விடுவிப்பதையும் ஏற்கவில்லை.

மருந்து தெளித்து இதை அழிக்க முடியாதா? – கடலூர் வாசகர்

தென்கொரியாவில் 1990களின் பிற்பாதியிலிருந்து, கடல் கூண்டுகளில் வளர்க்கும் மீன்களைக் காப்பதற்காக மஞ்சள் நிறக் களிமண்ணைக் கரைத்துத் தெளிக்கிறார்கள். அது நுண்பாசிகளோடு ஒட்டிக்கொண்டு அவற்றை அடிக்கு இழுத்துப் போகிறது. கூண்டுகள் இருக்கும் சிறிய இடத்துக்கு அது உதவும். நம் மன்னார் வளைகுடாவிலோ அடியில் இருப்பது பவளம். களிமண்ணும் அழுகும் பாசியும் சேர்ந்து அதன் மேல் படிந்தால் நோயைவிட மருந்தே பெரிய கேடாகிவிடும். தாமிர உப்புப் போன்றவற்றைத் தெளிப்பது, பாசியோடு சேர்த்து மற்ற உயிர்களையும் கொல்லும். கழிவுநீரைச் சுத்திகரித்து நைட்ரஜனையும் பாஸ்பரசையும் கரையிலேயே பிடித்துவைப்பது மெதுவான வழிதான். எனக்குத் தெரிந்தவரை நம் கடலுக்கு ஏற்ற வழி அதுவே.

நான் நாட்டுப்படகில் தொழில் செய்பவன். தண்ணீர் மாறுவதை முதலில் பார்ப்பது நாங்கள்தான். எங்களால் ஆக வேண்டியது ஏதாவது உண்டா? – பாம்பன் வாசகர்

நிறைய உண்டு. நான் மேலே சொன்ன ஹைதராபாத் மையம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு பாசிப்பெருக்கத்தைக் கண்காணித்துத் தகவல் தருகிறது. ஆனால் மேகம் மூடிய நாளில் செயற்கைக்கோளுக்குக் கடல் நிறம் தெரியாது. கரையை ஒட்டிய கலங்கல் நீரில் பாசியையும் மண்ணையும் பிரித்தறிவது அதற்குக் கடினம். அந்த இடைவெளியை உங்கள் கண்கள்தான் நிரப்ப முடியும்.

பச்சையை முதலில் கண்ட நாள், நேரம், இடம், அன்று வீசிய காற்று, நீரோட்டம் போன திசை, எந்த மீன் முதலில் செத்தது ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். கைப்பேசியில் படம் எடுக்கும்போது படகின் விளிம்பும் படத்தில் விழும்படி எடுத்தால் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க உதவும். கழுவிய பாட்டிலில் அந்த நீரை நிரப்பி, வெயில் படாமல் ஈரத்துணி சுற்றி வைத்து, மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையத்தில் அன்றைக்கே கொடுங்கள். மறுநாள் போனால் உருண்டைகள் வெடித்து வெறும் நாற்றநீர்தான் மிஞ்சும். முடிந்தால் இரண்டு பாட்டில்கள் எடுங்கள்: ஒன்று பொழுது விடிவதற்கு முன், மற்றொன்று உச்சிவெயிலில், இரண்டும் ஒரே இடத்தில்.